ஈரத்தாளும் பியூசர் உருளையும்

வலப்பனை மழைக்காலத்தில் தாளும் ஈரம் உறிஞ்சும். லேசர் அச்சுப்பொறியில் அச்சிட்ட வினாத்தாளின் எழுத்து, விரல் பட்டதும் உதிருமாயின், பியூசரைப் பழிக்குமுன் தாளை ஐயுறுதல் வேண்டும் என்பது எமது துணிபு. டோனர் எனும் மைத்தூள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கே. ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வரை சூடேறும் உருளைகளிடையே அது உருகித் தாளிழைகளிற் பற்றுகிறது. ஈரத்தாளோ அவ்வெப்பத்தின் ஒரு பங்கைத் தன் நீரை ஆவியாக்கவே செலவிடும், சுருக்கமும் விழும்.

புதுத் தாட்கட்டைப் பிரித்துச் சோதிப்போம். ஒரே கறை சம இடைவெளியில் மீளத் தோன்றின், அவ்விடைவெளியைப் பியூசர் உருளையின் சுற்றளவோடு ஒப்பிடுவோம். பொருந்தின் குற்றம் அவ்வுருளையினதே. (கத்தியாற் சுரண்டும் அன்பர்களும் உளர்; உருளையின் மேற்பூச்சு கிழிவதே அவர்கள் கண்ட பயன்!) மின்னை நிறுத்தி, நன்கு ஆறிய பின்னரே திறக்க. வெப்ப உருகி அறுந்திருப்பின் கம்பியால் இணைத்தல் தீக்கு வழியாகும். பியூசர் முழுவதையும் மாற்றுவிக்க.