நெடுந்தீவுக் கடலில் குளிக்கப் போகிறவர்களுக்கு

நெடுந்தீவில் கடற்கரையைத் தேட வேண்டியதில்லை. நாலு பக்கமும் கடல்தான். சிரமமெல்லாம் படகில். போகும் படகைப் பிடிப்பது பாதிச் சிரமம், திரும்பும் படகைப் பிடிப்பது மீதி. யாழ்ப்பாணத்தின் மற்றப் பெரிய தீவுகள் சிலவற்றுக்கு இருப்பதுபோல இதற்குத் தாம்போதி கிடையாது. குறிகட்டுவான் துறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் போக வேண்டும். பிள்ளைகளோடும் சாப்பாட்டுப் பெட்டிகளோடும் துறைக்கு வந்து, படகு போய்விட்டது என்று கேட்டு அப்படியே நின்றுவிடும் குடும்பங்களை விடுமுறை நாட்களில் அடிக்கடி பார்க்கிறேன். இதை எழுதுவது அவர்களுக்காக.

முதலில் மாதம். மாசியிலிருந்து சித்திரை வரை கடல் அடங்கிக் கிடக்கும், அப்போது போங்கள். வைகாசியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் ஆவணி தாண்டியும் விடாது. படகு ஓடும், ஆனால் நீங்கள் நனைந்துதான் போய்ச் சேருவீர்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை, வாடைக்காற்று. கடல் கொந்தளித்தால் சேவையையே நிறுத்திவிடுவார்கள். ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா நாட்களையும், கச்சதீவு அந்தோனியார் திருவிழாவை ஒட்டிய நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். துறை முழுக்கச் சனமாக இருக்கும்.

யாழ்ப்பாணப் பஸ் நிலையத்தில் 776ஆம் இலக்கப் பஸ் ஏறினால் பண்ணை, வேலணை, வாணர் தாம்போதி, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானில் கொண்டுபோய் விடும். விடியற்காலைப் பஸ்ஸில் போக வேண்டும். காலை உணவை முடித்துவிட்டு ஆறுதலாக வெளிக்கிடலாம் என்று நினைப்பவர்கள் வேறொரு நாளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

துறையில்தான் முதல் தடுமாற்றம். குறிகட்டுவானிலிருந்து இரண்டு இடங்களுக்குப் படகு போகிறது. நயினாதீவுக்கு அடிக்கடி படகு உண்டு, தூரமும் குறைவு. பஸ்ஸில் வரும் சனத்தில் பெரும்பங்கு அங்கேதான் போகும். நெடுந்தீவுக்கு நாளொன்றுக்குச் சில சேவைகள் மட்டுமே. புதிதாக வருகிறவர்கள் சனம் நிற்கும் வரிசை எதுவோ அதில் போய் நின்று, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அது நயினாதீவு வரிசை என்று கண்டுபிடிக்கிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வாய் திறந்து கேளுங்கள். "நெடுந்தீவுப் படகு எது, எத்தனை மணிக்கு?" என்று ஒருவரிடம் கேட்டுவிட்டு, இன்னொருவரிடமும் கேட்டு உறுதிப்படுத்துங்கள். நேர அட்டவணையை இங்கே நான் எழுதாததற்குக் காரணம் உண்டு. காலநிலை, படகின் பழுது, திருவிழா என்று ஏதாவது ஒன்றினால் அது மாறிக்கொண்டே இருக்கும். முதல் நாள் மாலையில் நெடுந்தீவில் தங்குமிடம் நடத்தும் யாருக்காவது தொலைபேசி எடுத்துக் கேட்பதுதான் நம்பகமான வழி. அவர்களுக்குத்தான் மறுநாள் எந்தப் படகு ஓடும் என்று தெரியும்.

இந்தப் படகுகள் சுற்றுலாவுக்காக ஓடுபவை அல்ல என்பதை மனதில் வையுங்கள். குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை எல்லாம் ஊர்மக்களின் பஸ்கள். பள்ளி நாட்களில் காலைப் படகு நிறைய யாழ்ப்பாணத்திலிருந்து போகும் ஆசிரியர்களும் அலுவலர்களும் இருப்பார்கள். பிற்பகலில் அவர்களேதான் திரும்புவார்கள். பெரிய வைத்தியசாலை, சந்தை, கச்சேரி என்று தீவாருக்கு வேண்டியதெல்லாம் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. படகில் இடம் குறைவென்றால் அவர்களை முதலில் ஏறவிடுங்கள். அடுத்த படகில் போனால் உங்களுக்கு உல்லாசத்தில் சிறிது நேரம் குறையும். அவர்களுக்கு அன்றைய வேலையே கெட்டுவிடும். அதனால்தான் நான் சனி, ஞாயிறில் போகச் சொல்லுவேன்.

ஏறும்போது கையில் எதுவும் இருக்கக்கூடாது. துறையில் படகுகளை ஒன்றன்பக்கத்தில் ஒன்றாகக் கட்டியிருப்பார்கள். ஒன்றின் மேலால் நடந்து மற்றதற்குப் போக வேண்டி வரலாம். பையை முதலில் கொடுத்துவிடுங்கள். இரண்டு விளிம்பும் ஒன்றாக வரும் கணம் பார்த்து ஒரே எட்டில் கால் வையுங்கள். பாதிக் கால் இங்கே, பாதிக் கால் அங்கே என்று நின்று யோசிப்பதுதான் ஆபத்து. கை கொடுக்க ஆள் நிற்பார்கள், வெட்கப்படாமல் பிடித்துக்கொள்ளுங்கள். உயிர்காப்பு அங்கியைப் படகு நகரும் முன்பே போட்டுக் கொளுவிகளை மாட்டிவிடுங்கள். மடியில் வைத்திருக்கும் அங்கி எவரையும் காப்பாற்றாது.

எங்கே இருப்பது? குமுதினியில் குனிந்து கீழே இறங்கினால் வரிசையாக ஆட்கள் இருப்பார்கள். அங்கே வெயில் இல்லை, காற்றும் இல்லை, டீசல் மணம் உண்டு. வயிறு புரட்டும் பழக்கம் உள்ளவர்கள் பின்பக்கமாகக் காற்றுப் படும் இடத்தில் இருந்துகொண்டு, தூரத்துக் கரையைப் பார்த்தபடி வர வேண்டும். கைத்தொலைபேசியைப் பார்க்கக் கூடாது. இன்னொன்று: நெடுந்தீவு குறிகட்டுவானுக்குத் தென்மேற்கே இருக்கிறது. சோளகக் காலத்தில் போகும்போது காற்று முகத்துக்கு நேரே வரும், முன்பக்கம் இருப்பவர்கள் அலைத் தூவானத்தில் தெப்பமாகிவிடுவார்கள். திரும்பும்போது காற்று முதுகில். ஆகவே போகும்போது பின்னால் இருங்கள், மாற்றுடுப்பைப் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள்.

நெடுந்தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் இறங்கியதும் ஒரு நினைவுத்தூபி உண்டு. 1985 மே 15ஆம் திகதி குமுதினியில் பயணம் செய்த ஊர்மக்கள் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தத் தூபிக்கு முன்னால் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போங்கள்.

அதன் பிறகு, துறையை விட்டு அசைவதற்கு முன், மூன்று காரியம். ஒன்று, வந்த படகின் ஆட்களிடமே திரும்பும் படகின் நேரத்தைக் கேளுங்கள். இரண்டு, ஓட்டோக்காரருடன் எங்கெங்கே போவது, மொத்தம் எவ்வளவு என்று பேசி முடியுங்கள். தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர், நடந்து முடியாது. மூன்று, மதியச் சாப்பாட்டுக்கு எங்காவது சொல்லி வையுங்கள். இத்தனை பேர், மீன் குழம்பு என்று காலையில் சொன்னால்தான் உலை வைப்பார்கள். ஒரு மணிக்குப் போய் நின்று கேட்டால் பணிஸும் சோடாவும்தான் கிடைக்கும். குடிதண்ணீரைக் குறிகட்டுவானுக்கு வரும் முன்பே வாங்கிவிடுங்கள். தீவின் கிணறுகள் பலவற்றில் உவர்நீர்தான்.

எல்லோரும் முதலில் ஒல்லாந்தர் கோட்டை, பெருக்கமரம், புறாக்கூடு என்று சுற்றிவிட்டுக் கடைசியில் கடலுக்கு வருகிறார்கள். நான் சொல்வது நேர்மாறு. கடல் முதலில். பிற்பகலில் காற்று கூடும், வெயிலும் தாங்காது, ஈர உடுப்போடு படகில் இருந்தால் ஒரு மணி நேரமும் நடுக்கம்தான். காலையில் குளித்து, உடுப்பு மாற்றி, பிறகு கோட்டையைப் பாருங்கள். கோட்டை எங்கேயும் போய்விடாது.

கரையில் எல்லா இடமும் வெண்மணல் இல்லை. பல இடங்களில் பவளக்கல் கத்திபோல் நிற்கும், சில இடங்களில் சாதாளை ஒதுங்கிக் குவிந்திருக்கும். பிள்ளைகள் குளிக்க எது நல்ல மணற்கரை என்று ஓட்டோக்காரரிடமே கேளுங்கள். ரப்பர் செருப்போடு தண்ணீரில் இறங்குங்கள். நெடுந்தூரம் முழங்கால் அளவுதான் இருக்கும். அது ஆழமில்லை என்ற தைரியத்தைக் கொடுக்கும், ஆனால் காவலுக்கு ஆள் இல்லாத கடல் அது. பிள்ளைகளோடு ஒரு பெரியவர் தண்ணீரிலேயே நிற்க வேண்டும். வலை காயும் துறைகளில் குளிக்காதீர்கள், அது தொழில் நடக்கும் இடம். உடுப்போடுதான் குளிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் நம் பிள்ளைகளுக்கு இதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள்.

தெற்கு வெளியில் மேயும் குதிரைகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்தவற்றின் வழிவந்தவை. எட்ட நின்று பாருங்கள். ரொட்டி கொடுப்பதும், துரத்திப் படம் எடுப்பதும் வேண்டாம். கோடையில் அவை தண்ணீருக்கே அலைகின்றன. காணிகளைச் சுற்றிச் சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய பவளக்கல் வேலிகளில் ஏறி நிற்காதீர்கள், நினைவுக்கு என்று அதில் ஒரு கல்லையும் எடுக்காதீர்கள். ஒன்றை உருவினால் சுற்றியுள்ளவை சரியும். அடுக்கிக் கொடுக்க அந்த வீட்டுக்காரர்தான் வர வேண்டும்.

திரும்பும் படகுக்கு ஒரு மணி நேரம் முன்பே மாவிலித்துறையில் இருங்கள். "இன்னும் நேரம் இருக்கு அண்ணை" என்று ஓட்டோக்காரர் சொல்லுவார். அவர் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார், ஆனால் கடல் மாறினால் படகு முன்னதாகவே வெளிக்கிடும். அதை அவராலும் நிறுத்த முடியாது. தவறவிட்டால் பதறி, யாரோ ஒருவரின் சிறு வள்ளத்தை வாடகைக்குப் பேசி, அங்கியும் இல்லாமல் மாலைக் காற்றில் கடல் கடக்காதீர்கள். அன்றிரவு தீவில் தங்குங்கள்.

தவறவிடாவிட்டாலும் தங்கலாம் என்பேன். தங்குமிடங்கள் எளிமையானவை, சாப்பாடு வீட்டுச் சாப்பாடு. பிற்பகல் படகு போன பிறகு கரையில் வெளியாட்கள் குறைந்துவிடுவார்கள். மறுநாள் காலையில் ஆறுதலாக இன்னொரு முறை குளித்துவிட்டு வரலாம். அறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்தே சொல்லி வையுங்கள், கொண்டுபோன பிளாஸ்டிக் போத்தல்கள் அத்தனையையும் திரும்பக் கொண்டு வாருங்கள்.