‘சும்மா ஒரு விசாரணை’



உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பழைய செல்போன் வாங்கி விற்கும் சின்னக் கடை. எப்போதோ வாங்கி விற்ற ஒரு போனைத் திருட்டுப் பொருள் என்கிறார்கள். “சும்மா ஒரு விசாரணைதான், திங்கட்கிழமை வந்துட்டுப் போங்க, அப்பாவையும் கூட்டிட்டு வாங்க” என்று ஸ்டேஷனிலிருந்து அழைப்பு. அப்பாவுக்கு 63 வயது. போகலாமா என்று கேட்கிறீர்கள்.

ஒளிந்துகொள்ள வேண்டாம், போங்கள். ஆனால் அந்தச் ‘சும்மா’வை நம்பிப் போகாதீர்கள்.

சட்டத்தில் அப்படி ஒரு விசாரணையே கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, சாட்சியாக அழைப்பதென்றால் 179ஆம் பிரிவில் எழுத்துமூல உத்தரவு வேண்டும். சந்தேகத்தின் பேரில் என்றால் 35(3)இல் நோட்டீஸ். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருட்டுப் பொருள் வாங்கிய குற்றத்துக்குத் தண்டனை அதிகபட்சம் 3 ஆண்டு. 7 ஆண்டு வரையிலான குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யாதே என்பது 2014இல் வந்த அர்னேஷ் குமார் தீர்ப்பு. நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு ஆஜராகிறவரைக் கைது செய்ய வேண்டுமானால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும்.

இதையெல்லாம் விலாவாரியாகச் சொல்லக் காரணம் உண்டு. கைது என்று எழுதிவிட்டால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். வீட்டுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். எதுவுமே எழுதாமல் பெஞ்சில் உட்கார வைக்கும் இரவுக்குத்தான் கணக்கு கிடையாது. நம் ஊரில் அடி விழுவது பெரும்பாலும் அந்த இரவில். ஆகவே தாளைக் கேளுங்கள். சண்டை போடாமல், மரியாதையாக, “நோட்டீஸ் கொடுங்க சார், கண்டிப்பா வர்றேன்” என்று கேளுங்கள்.

அப்பா போக வேண்டியதில்லை. 60 வயதைத் தாண்டியவரையும் பெண்களையும் அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் என்கிறது அதே 179.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒடிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதிக்கு 1977இல் இதே கேள்வி வந்தது. போலீஸ் கொடுத்த கேள்விப் பட்டியலுக்குப் பதில் தர மறுத்தார். அதற்காகவே அவர் மீது வழக்குப் போட்டார்கள். தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்கு வாய் திறக்காமல் இருக்கும் உரிமை ஸ்டேஷனிலேயே தொடங்கிவிடுகிறது என்று 1978இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த வழக்கின் தீர்ப்பில் எழுதினார். ஒரு காலத்தில் கேரளத்தின் உள்துறை அமைச்சராக இருந்து போலீஸை உள்ளிருந்தே பார்த்தவர் அவர். மற்ற கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். விசாரணையில் நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கச் சட்டத்தில் இடமில்லை. வெற்றுத் தாளில் கேட்டால், ரைட்டர் எவ்வளவு சிரித்துப் பேசினாலும் போடாதீர்கள். போலீஸிடம் ஒப்புக்கொண்டது உங்களுக்கு எதிராகச் சாட்சியமாகாது. ஆனால் நீங்கள் சொன்னதை வைத்து அந்த போனைக் கண்டெடுத்தால், அது தொடர்பாகச் சொன்ன பகுதி மட்டும் சாட்சியமாகிவிடும்.

தனியாகப் போகாதீர்கள். வக்கீலுக்கு வசதியில்லை என்றால் 15100க்குப் போன் செய்து இலவசச் சட்ட உதவி கேளுங்கள். உள்ளே நுழைந்த நேரத்தை வீட்டுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுங்கள். சாத்தான்குளம் காவல் மரணங்கள் 2020இல்தான் நடந்தன. சட்டம் இருக்கிறதே என்று நான் சும்மா இருக்கச் சொல்ல மாட்டேன்.

“கடிதம் எழுதி என்ன ஆகப்போகிறது” என்று முடித்திருக்கிறீர்கள். லாக்கப் சாவுகள் பற்றி, சட்ட உதவி அமைப்பு ஒன்றை நடத்திய டி.கே. பாசு 1986இல் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பியதும் ஒரு கடிதம்தான். அதையே மனுவாக எடுத்துக்கொண்டு, கைதின்போது போலீஸ் கடைப்பிடிக்க வேண்டிய 11 விதிகளை 1996இல் நீதிமன்றம் வகுத்தது. பத்து வருஷம் ஆனது என்பதையும் மறைக்கவில்லை.

திங்கட்கிழமை போய்விட்டு வந்ததும் இரண்டு வரி எழுதுங்கள்.