ஆமை நடைக்கு வரும் புதியவர்களுக்கு

ஜனவரி பிறந்தால் சென்னைக் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரத் தொடங்கும். 1970களின் தொடக்கத்தில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் அவற்றைத் தேடி இந்த மணலில் இரவில் நடந்தார்கள். 1988 முதல் மாணவர்கள் அந்த நடையைத் தொடர்கிறார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை எங்களோடு நடக்கப்போகும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள்.

1. டார்ச் பையிலேயே இருக்கட்டும். கொஞ்ச நேரத்தில் கண் இருட்டுக்குப் பழகிவிடும். அலை நுரையின் வெளுப்பிலேயே ஆமைத் தடம் தெரியும். கரையேறும் ஆமை வெளிச்சத்தையோ ஆள் நடமாட்டத்தையோ கண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும்.

2. முதலில் தடத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஏறி வந்த தடம் ஒன்று, இறங்கிப் போன தடம் ஒன்று. இரண்டும் எங்காவது குறுக்கிட்டால், மேலே விழுந்திருப்பதுதான் இறங்கியது. இரண்டுக்கும் நடுவே மணல் கலைந்து கிடக்கும் இடத்தில் முட்டைக்குழி இருக்கும். ஆனால் ஆமை குழியை மூடிவிட்டுத் தன் உடம்பாலேயே தட்டித் தட்டி மணலை இறுக்கிவிடுவதால் சரியான இடம் லேசில் அகப்படாது. குச்சியால் குத்திப் பார்ப்பதை அனுபவப்பட்டவர்களிடம் விட்டுவிடுங்கள். ஓர் அழுத்தம் கூடினால் முட்டை உடையும். இடம் உறுதியான பிறகு கையால்தான் தோண்ட வேண்டும். முழங்கை வரை ஈரமணலுக்குள் போனதும் விரலில் முதல் முட்டை தட்டுப்படும். பிங்பாங் பந்து அளவு, ஆனால் தொட்டால் லேசாகக் குழியும் தோல். ஒரு குழியில் நூறுக்கு மேலும் இருக்கும்.

3. வனத்துறையின் அனுமதியோடு இந்த முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிறோம். கரையிலேயே விட்டுவைத்தால் நாயோ மனிதரோ எடுத்துவிடுவார்கள் என்பதால்தான் இந்த ஏற்பாடு. இட்ட சில மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். நேரம் போகப் போக உள்ளே கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துப்போகும். ஆகவே குலுக்காமல் நடங்கள். பொரிப்பகத்தில் தோண்டும் குழியும் தாய் தோண்டியது போலவே வாய் குறுகி, அடி அகன்று, ஒன்றரை அடி ஆழத்தில் இருக்க வேண்டும். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. சூடு ஏறினால் பெண்கள் கூடும், குறைந்தால் ஆண்கள். வெயில் ஏற ஏற நிழல் போடுவது அதனால்தான்.

4. முட்டையிடும் ஆமையை நேரில் பார்க்கும் பாக்கியம் கிடைத்தால் பின்பக்கமாக உட்காருங்கள். கண்ணில் வழிவது அழுகை அல்ல, உடம்பில் சேர்ந்த உப்பு நீர். படம் எடுக்க வேண்டாம், முதுகில் கை வைக்க வேண்டாம்.

5. நாற்பத்தைந்து நாளுக்குப் பிறகு குஞ்சுகள் மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். உள்ளங்கையில் ஏந்தித் தண்ணீரில் விடத் தோன்றும். விடாதீர்கள். மணலில் ஊர்ந்துதான் அவை கடலுக்குள் இறங்க வேண்டும். குஞ்சு வெளிச்சமான திசையை நோக்கிப் போகும். ஒருகாலத்தில் இரவில் வெளிச்சம் என்றால் கடல்மேல் தெரியும் வானம்தான். இன்று தெருவிளக்கும் ஓட்டல் விளக்கும் அதைவிடப் பிரகாசமாக இருப்பதால் குஞ்சுகள் சாலைப் பக்கம் திரும்பிவிடுகின்றன. கடலோர வீடுகளின் மணியை அழுத்தி, பருவம் முடியும் வரை வெளிவிளக்கை அணைக்கச் சொல்லிக் கேட்பதும் உங்கள் வேலையே. நடப்பதைவிட அது கடினம். பலன் அதற்கே அதிகம்.

6. நண்டையும் காகத்தையும் விரட்டாதீர்கள். ஆயிரம் குஞ்சில் ஒன்று வளர்ந்து பெரிதானால் பெரிது என்பார்கள். மீதியெல்லாம் நண்டுக்கும் பறவைக்கும் மீனுக்கும் இரை. பொரியாமல் மக்கும் முட்டைகள் அடும்புக்கும் ராவணன் மீசைக்கும் உரம். அந்தக் கொடிகளும் புல்லும்தான் மணல்மேட்டைப் பிடித்து நிறுத்துகின்றன. வளர்ந்த ஆமை சொறிமீனையும் நண்டையும் இறாலையும் தின்னும். நாம் காப்பாற்றுவது ஆமையை மட்டும் அல்ல. தெருநாய் விஷயம் வேறு: நாம் கரையில் கொட்டும் எச்சில் உணவில் பெருகிய கூட்டம் அது, எனவே அந்தக் குப்பையைக் கேள்வி கேளுங்கள்.

7. மீனவர் குப்பத்து அண்ணன்களிடம் மரியாதையாகப் பேசுங்கள். எந்தக் காற்றில் ஆமை கரை ஒதுங்கும், எந்த நீரோட்டத்தில் வராது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். கரையோரம் மணிக்கணக்கில் இழுக்கும் இழுவைமடியில் மாட்டினால் மூச்சுமுட்டிச் சாகிறது. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இந்தக் கரையில் செத்து ஒதுங்கியதை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்கிறது. அதற்காகக் கட்டுமரத்தில் போகிறவர்மேல் பழி போடாதீர்கள். ஆமை வெளியேற வழிவிடும் கருவியை வலையில் பொருத்தலாம். மீன் பாடு குறையும் என்று இழுவைப்படகுக்காரர்கள் அஞ்சுவதைக் கேலி செய்யாமல் காதுகொடுத்துக் கேட்டால்தான் அந்தப் பேச்சே தொடங்கும்.

8. செத்த ஆமையைக் கண்டால் ஒதுங்கிப் போகாதீர்கள். ஓட்டின் நீளம், அகலம், ஆணா பெண்ணா, எங்கே காயம், எந்த இடம், எத்தனை மணி என்று நோட்டில் எழுதுங்கள். நாளைக்கு வருகிறவர் மறுபடி எண்ணாதபடி ஓட்டில் பெயிண்ட் அடையாளம் போடுங்கள். அரசிடம் இழுவைமடி பற்றிப் பேசும்போது நம் கையில் இருப்பது இந்த நோட்டுதான். விடியும்போது உடம்பு அசந்திருக்கும். எழுதி முடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.