மறைந்துவரும் வட்டார வழக்கு: டோர்செற் ஆங்கிலம்

மாணவர்களே, வட்டார வழக்கு என்றால் என்ன என்று கேட்டால் "பிழையாகப் பேசப்படும் மொழி" என எழுதுவோர் பலர். இவ்விடை தவறானது. ஏன் என்பதை இங்கிலாந்தின் தென்மேற்கேயுள்ள டோர்செற் கிராமங்களின் ஆங்கிலத்தைக் கொண்டு விளங்கிக்கொள்வோம்.

அங்குள்ள பழைய பேச்சில் 'ஃபைவ்' என்பது 'வைவ்' ஆகும். 'ஐ ஆம்' என்பதற்கு 'ஐ பீ' என்பர். இவை வெளிப்படையாகத் தெரியும் வேறுபாடுகள். இதனிலும் முக்கியமானது அதன் திணைப் பாகுபாடு. தமிழில் பகுத்தறிவை வைத்து உயர்திணை, அஃறிணை எனப் பிரிக்கிறோம் அல்லவா? டோர்செற் உழவர் வடிவத்தை வைத்துப் பிரித்தனர். தனி வடிவமுள்ள மரம், கோடரி போன்றவை 'ஹீ', அதாவது 'அவன்'. அருகில் இருந்தால் 'தீஸ்', தூரத்தில் இருந்தால் 'திக்' என்று சுட்டுவர். தண்ணீர், மணல் போன்ற வடிவமற்றவை 'இற்'. அவற்றுக்கே 'திஸ்', 'தற்' என்ற சுட்டுகள் உரியன. நிற்கும்போது 'அவன்' ஆக இருந்த மரம், விறகாகிக் குவிந்தால் 'அது' ஆகிவிடும்! பொது ஆங்கிலத்தில் இந்த நுட்பம் இல்லை. எனவே இலக்கணம் அற்றது எது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இப்பேச்சு பழைய மேற்குச் சாக்சன் மொழியின் வழிவந்தது. 1066 இல் நோர்மானியர் படையெடுக்கும் வரை அரச ஆவணங்களும் நூல்களும் எழுதப்பட்ட ஆங்கிலம் பெரும்பாலும் அதுவே. பின்னர் அதிகாரம் இலண்டனில் நிலைகொண்டது. அந்நகரப் பேச்சே பொதுமொழியின் அடிப்படையாயிற்று.

வழக்கொழிவுக்கான காரணங்களில் புகையிரதப் பாதை, 1870 ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டம், 1922 இல் தொடங்கிய பிபிசி வானொலி ஆகியவற்றைக் குறிப்பிடலாம். இவற்றுள் பாடசாலையின் பங்கு பெரிது. (ஆசிரியத் தொழில் செய்யும் எனக்கு இதை எழுதுவது சற்றுச் சங்கடமே.) தோமஸ் ஹார்டியின் 'டெஸ்' நாவலின் (1891) கதாநாயகி, இலண்டனில் பயிற்சிபெற்ற ஆசிரியையிடம் ஆறாம் தரம் வரை படித்தவள். தாய் வட்டார வழக்கே பேச, மகள் வீட்டில் ஒன்றும் வெளியில் வேறொன்றுமாகப் பேசுகிறாள்.

இவ்வழக்கைப் பதிவுசெய்ய முனைந்தவரும் ஓர் ஆசிரியரே. வில்லியம் பார்ண்ஸ் (1801–1886) என்பவர் 1844 இல் டோர்செற் வழக்கில் கவிதை நூலையும், 1863 இல் அதன் இலக்கணத்தையும் வெளியிட்டார். பின்னர் லீட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹரல்ட் ஓர்ட்டனின் குழுவினர் 1950 முதல் 1961 வரை 313 இடங்களுக்குச் சென்று, பெரும்பாலும் முதியோரிடம் கேட்டு எழுதினர். சிலரது பேச்சை ஒலிநாடாவிலும் பதிந்தனர்.

பயிற்சி வினா: டெஸ் வீட்டிலும் வெளியிலும் வேறுவேறாகப் பேசியதற்கான காரணங்கள் இரண்டு தருக. ('வெட்கம்' என்று மட்டும் எழுதி நிறுத்தவேண்டாம், அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதுக.)