கடைசி ஃபெரி போன பிறகு



நம்மில் பலர் கெத்தாம் தீவுக்குப் போயிருப்போம். கிள்ளான் துறைமுகத்தில் ஃபெரி ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சேற்றில் கால் ஊன்றி நிற்கும் பலகை வீடுகள், கார் ஓடாத பாதை, சைக்கிள், நண்டுச் சாப்பாடு. படம் பிடித்துக்கொண்டு சாயங்காலம் திரும்பிவிடுவோம். நாம் வந்த பிறகு அங்கே யார் இருக்கிறார்கள்?

தியோச்சு, ஹொக்கியன் மீனவக் குடும்பங்களின் ஊர் அது. இளையவர்கள் படிப்புக்கும் வேலைக்கும் கிள்ளான், கோலாலம்பூர் என்று போய்விட, பல வீடுகளில் பெரியவர்கள் மட்டுமே மிச்சம். சீனப் புத்தாண்டுக்கு வீடு நிறையும், பிறகு காலியாகும். பிள்ளைகளைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். "கடல் வேலை என்னோட போகட்டும், நீ படி" என்று அனுப்பியவர்களே அந்தப் பெற்றோர்தான். பால்மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டியும் அதைத்தானே சொன்னார்கள்?

இன்றைய பாடத்துக்கு வருவோம். தனியாக இருப்பது வேறு, தனிமை வேறு. தனியாக வாழ்ந்தாலும், காலையில் கோப்பிக் கடையில் வாய்ச்சண்டை போட ஒரு கூட்டாளி இருந்தால் அவருக்குத் தனிமை இல்லை. மகன் வீட்டு அறையில் நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இருக்கலாம். மீனவக் கிராமத்தில் பேச்சும் வேலையும் ஒன்றாகவே நடக்கும். வலையைப் பின்னும்போதும் மீனைத் தரம் பிரிக்கும்போதும் பேசிக்கொண்டே இருப்பார்கள். படகை விற்றுவிட்டால் அந்தப் பேச்சும் போய்விடுகிறது. "உன்னால ஒரு உதவி ஆகணும்" என்று வாசலில் வந்து நிற்க ஆளில்லை.

இது மனசுக்கு மட்டும் சம்பந்தப்பட்டது இல்லை. ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டட் குழுவினர் 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, 2010-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அதில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் இருந்தன. நல்ல உறவுகள் உள்ளவர்கள் உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம். ஜப்பானில் 2024-இல் மட்டும் ஏறக்குறைய 76,000 பேர் வீட்டில் தனியாக இறந்துகிடந்ததாகப் போலீஸ் கணக்கு சொல்கிறது. முக்கால்வாசிப் பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். நம் நாடும் மூப்படைந்துகொண்டுதான் வருகிறது.

சரி, நாம என்ன பண்றோம்? மைலோ, பிஸ்கட், ஒரு பேனர், ஒரு குரூப் போட்டோ. நானும் அப்படித்தான் போனேன். தீவில் ஒரு சீனப் பெரியவர் திண்ணையில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்தார். பையைக் கொடுத்தோம், தலையாட்டி ஓரமாக வைத்தார். எங்களோடு வந்த ஒரு தங்கச்சி, "அங்கிள், இந்த முடிச்சை எப்படிப் போடுறீங்க?" என்று மலாயில் கேட்டாள். அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் தப்பாகப் போட, திட்டி, பிரித்து, மறுபடி போடச் சொன்னார். ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. கிளம்பும்போது கேட்டார்: "பிலா டாத்தாங் லாகி?" மறுபடி எப்போது வருவீர்கள் என்று. அடுத்த மாதம் என்றேன். போகவில்லை. தேர்வு, வேலை, திருவிழா என்று எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர் எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஃபெரியைப் பார்த்திருப்பாரோ!

அதனால் ஐம்பது பேருக்கு ஒரு நாள் போவதைவிட, இரண்டு பேர் சேர்ந்து ஒருவரை மாதாமாதம் பார்ப்பது மேல். வர முடியாத நாளை வாயால் சொல்லுங்கள். கொடுப்பதைக் குறைத்துக் கேட்பதைக் கூட்டுங்கள்: மீன் கழுவுவது எப்படி, அந்தக் காலத்துப் படகு எப்படி இருந்தது, எதுவானாலும். பதில் சொல்லும்போது போனை எடுக்காதீர்கள்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது, உங்கள் தாமானில் தனியாக இருக்கும் ஒருவரின் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். பெயர் தெரியாதென்றால், அவரிடமே போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.