நூற்றுப்பத்து மூளைகளும் ஒரு வதந்தியும்

அமெரிக்கன் ஃபுட்பால் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் அந்தக் கணக்கை எடுத்து வீசிவிடுகிறார்: 111 ஆட்டக்காரர்களின் மூளையைச் சோதித்தார்களாம், 110 பேருக்கு நோயாம். கூடவே ஒரு வாலும் ஒட்டிக்கொள்கிறது. ஓய்வுபெற்ற ஆட்டக்காரர் மனம் சோர்ந்து கிடந்தால் அது அந்த மூளை நோயேதானாம், வைத்தியம் கிடையாதாம், முடிவு தற்கொலைதானாம். கணக்கு சரி. வால் முழுக்கப் பொய்.

அந்த 111 மூளைகளும் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் மெக்கீயின் குழு நடத்தும் ஆய்வுக்காக, இறந்தவர்களின் குடும்பத்தார் கொடுத்தவை. அப்பா மறதியில் தடுமாறினார், கணவர் காரணமில்லாமல் சீறினார் என்று முன்பே சந்தேகப்பட்ட குடும்பங்கள்தான் இதற்கு அதிகம் முன்வரும். காய்ச்சல் வார்டில் நின்று தலைகளை எண்ணிவிட்டு ஊருக்கே காய்ச்சல் என்று தண்டோரா போடலாமா? இந்தக் குறை, அந்த எண்ணை வெளியிட்ட 2017ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையிலேயே பச்சையாக எழுதப்பட்டிருக்கிறது. எண்ணைப் பிடித்துக்கொண்டவர்கள் அந்தப் பத்தியை மட்டும் தாண்டிப் போய்விட்டார்கள்.

தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புள்ள, சி.டி.இ. எனப்படும் இந்த நோயை இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். உயிரோடு இருப்பவர்மீது அந்த முத்திரையைக் குத்த இன்று எந்த டாக்டருக்கும் வழியில்லை. எந்த அறிகுறிகளைக் கண்டால் சந்தேகிக்கலாம் என்று 2021இல் நிபுணர்கள் கூடி வரையறுத்தபோது, நினைவும் சிந்தனையும் மங்குவதையும் கட்டுக்கடங்காத கோபத்தையும்தான் மையமாக வைத்தார்கள். மனச்சோர்வு துணை அறிகுறிகளில் ஒன்றாக ஓரத்துக்குப் போனது. காரணம் எளிது: மனச்சோர்வு ஹெல்மெட்டைத் தொடாதவர்களுக்கும் வருகிறது.

அதற்காகத் தலையில் படும் அடிக்கும் மனச்சோர்வுக்கும் சம்பந்தமே இல்லை என்று மறுபக்கம் பாயவும் வேண்டாம். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கெவின் கஸ்கீவிச் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வுபெற்ற 2,552 ஆட்டக்காரர்களில் சுமார் 11 சதவீதம் பேர் தங்களுக்கு மனச்சோர்வு என்று டாக்டர் சொன்னதாகக் குறிப்பிட்டிருந்தார்கள். மூன்று முறையோ அதற்கு மேலோ கன்கஷன், அதாவது அடிபட்டு மூளை குலுங்கும் காயம், ஆனவர்களுக்கு, ஒருமுறைகூட ஆகாதவர்களைவிட அந்த வாய்ப்பு மூன்று மடங்கு. சாதாரண எண் இல்லை. ஆனால் அந்தப் பிரிவிலும் பெரும்பாலானவர்களுக்கு மனச்சோர்வு இல்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதே ஆண்டு, அதே இதழில் வந்த இன்னொரு ஆய்வுக்காக, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஷ்வெங்க் ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்கள் 1,617 பேரிடம் விசாரித்தார். கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு நாள்பட்ட உடல்வலி. வலியும் மனச்சோர்வும் சேர்ந்துகொண்டவர்களுக்குத் தூக்கம் கெட்டு, உடற்பயிற்சி நின்று, பணக் கஷ்டமும் கூடியிருந்தது. இவற்றில் ஒன்றுகூடத் தீர்வுக்கு அப்பாற்பட்டதில்லை.

தற்கொலைக் கதையும் அப்படித்தான். 2012இல் முன்னாள் ஆட்டக்காரர் ஜூனியர் சேயாவ் 43 வயதில் தற்கொலை செய்துகொண்டதும் அது தலைப்புச் செய்தியானது. தலைப்புச் செய்தி சட்டமாகிவிட்டது. 1959 முதல் 1988 வரையிலான காலத்தில் குறைந்தது ஐந்து சீசன் ஆடிய 3,439 பேரின் இறப்புகளை அமெரிக்க அரசின் தொழில்நல ஆய்வு நிறுவனம் அலசியது. அல்சைமர் போன்ற நரம்புச் சிதைவு நோய்களின் பங்கு பொதுமக்களைவிட மூன்று மடங்கு, அது கவலைக்குரியது. தற்கொலையோ எதிர்பார்த்த அளவில் பாதிகூட இல்லை.

வதந்தி ஆளையும் சாய்க்கலாம். 2024இல் வந்த ஹார்வர்டு ஆய்வு ஒன்றில், பதிலளித்த முன்னாள் ஆட்டக்காரர்கள் சுமார் 2,000 பேரில் மூன்றில் ஒருவர் தனக்கு சி.டி.இ. இருப்பதாகவே நம்பினார். அப்படி நம்பியவர்களில் நான்கில் ஒருவருக்குத் தற்கொலை எண்ணம். நம்பாதவர்களில் இருபதில் ஒருவருக்கு. எது முந்தியது, நம்பிக்கையா சோர்வா என்று அந்தக் கணக்கு சொல்லாது. ஆனாலும், ஏற்கெனவே சோர்ந்திருப்பவரிடம் போய் "இதற்கு மருந்தே இல்லையாம்" என்று ஓதுவது எவ்வளவு பொறுப்பில்லாத காரியம்!

இதெல்லாம் இந்த ஆட்டத்தை நடத்தும் லீகான என்.எஃப்.எல். நிர்வாகத்துக்கு வக்காலத்து இல்லை. 1994இல் மூளைக் காயத்தை ஆராயக் குழு அமைத்தபோது அதன் தலைமையில் மூட்டுவாத டாக்டர் ஒருவரை உட்காரவைத்த புண்ணியவான்கள் அவர்கள். முன்னாள் ஆட்டக்காரர்களோடு அவர்கள் செய்துகொண்ட, 2015இல் நீதிமன்றம் ஏற்ற இழப்பீட்டு ஒப்பந்தத்திலும் மனச்சோர்வுக்கென்று ஒரு டாலர் கிடையாது.

தலைக்காயம் பற்றிய மற்ற கதைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. மயக்கம் போட்டால்தான் கன்கஷனா? பெரும்பாலான கன்கஷன்களில் மயக்கமே வராது. 2022 செப்டம்பரில் மயாமி அணியின் டுவா டாகோவைலோவா தரையில் தலை மோதி எழுந்தார், தலையை உதறினார், நாலடி வைப்பதற்குள் கால் பின்னிச் சரிந்தார். முதுகுப் பிடிப்பு என்று சொல்லி மறுபடி ஆடவிட்டார்கள். நாலே நாளில் இன்னொரு ஆட்டத்தில் விரல்கள் விறைத்துக்கொள்ள, ஸ்ட்ரெச்சரில் போனார். அதற்குப் பிறகுதான் தள்ளாடியவரைத் திரும்ப இறக்கக் கூடாது என்று விதி வந்தது. ஸ்கேன் நார்மலா? கன்கஷனில் ஸ்கேன் பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். ஹெல்மெட்? மண்டை ஓட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது.

ஆட்டக்காரர் ஓய்வுபெறும் அன்றே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் பேச்சே இல்லை. தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய், கழுத்து தடித்த, உடல் பெருத்த இந்த ஆட்களிடம் அதிகம். இரவெல்லாம் மூச்சுக்குத் திணறுபவர் பகலில் எரிச்சலும் மறதியும் சோர்வுமாகத்தான் இருப்பார். பார்ப்பவர்கள் அதையும் சி.டி.இ. கணக்கில் எழுதிவிடுவார்கள். 2004இல் முன்னாள் ஆட்டக்காரர் ரெஜி வைட் 43 வயதில் உயிரிழந்தபோது இந்த நோயும் துணைபோயிருக்கலாம் என்று பேசப்பட்டது. ஒரே ஒரு ராத்திரி தூக்கப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் மெஷின் பலருக்குப் போதும். ஆட்டக்காரர் சங்கமும் லீகும் ஓய்வூதியப் பேச்சுவார்த்தையில் முதலில் இதைக் கட்டாயமாக்கட்டும். அதுவரைக்கும், மனச்சோர்வு மாத்திரை எழுதும் டாக்டர், ஆட்டக்காரர் குறட்டை விடுவாரா என்று அவருடைய மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.