முதலில் சொல், பிறகு பக்கம்

அன்புத் தம்பிக்கு,

பள்ளி ஆண்டுமலரை ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைக்கும் பொறுப்பு உனக்கு வந்திருப்பதில் மகிழ்ச்சி. எத்தனை முறை திருத்தினாலும் பிழை தங்கிவிடுகிறதே என்று கேட்டிருந்தாய். நீ பக்கத்தின் மேலேயே திருத்துகிறாய், அதுதான் காரணம். விடுபட்ட ஒரு ‘ப்’ சேர்த்தாலே வரி நகர்கிறது. உடனே கண் வாக்கியத்தை விட்டுவிட்டு வரிக்குப் பின்னால் ஓடுகிறது.

உரைப் பெட்டியைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலோடு டி விசையை அழுத்து. ஸ்டோரி எடிட்டர் என்ற தனிச் சாளரம் திறக்கும். படமும் பத்தி அகலமும் அங்கே இல்லை. எழுத்து மட்டுமே இருக்கும். இணைத்த பெட்டிகள் வழியே மூன்று பக்கங்களுக்கு ஓடும் கட்டுரையும் ஒரே தொடர்ச்சியாகத் தெரியும். கடைசிப் பெட்டியில் இடம் போதாமல் மறைந்துபோன வரிகளும் அதில் இருக்கும். பக்கத்தை மட்டும் பார்த்து மெய்ப்புத் திருத்துகிறவர் அவற்றைப் படிக்காமலே விட்டுவிடுவார்.

இடப்பக்க ஓரத்தில் ஒவ்வொரு பத்தியின் ஸ்டைலும் தெரியும். துணைத்தலைப்புக்குரிய ஸ்டைல் எங்காவது விடுபட்டிருந்தால் அங்கேயே கொடுத்துவிடு. கீழே சொல் எண்ணிக்கை இருக்கிறது. கட்டுரை நீண்டுவிட்டதா என்று வடிவமைக்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம்.

தேடி மாற்றும் வசதியைக் கவனமாகக் கையாள வேண்டும். இரட்டை இடைவெளிகளை ஒரேயடியாக மாற்றலாம். ஆனால் ‘அவன்’ என்பதை ‘அவர்’ ஆக்கச் சொன்னால், ‘அவனை’, ‘அவனுக்கு’ இரண்டும் அப்படியே நிற்கும். ‘ன்’ என்ற புள்ளி எழுத்து அவற்றில் இல்லை. ‘வந்தான்’ என்ற வினைமுற்றும் மாறாது. ஆகவே தமிழில் சொற்களை ஒவ்வொன்றாகப் படித்தே மாற்று.

சாளரத்தில் செய்த திருத்தம் தானாகப் பக்கத்துக்குப் போகாது. உரைப் பெட்டியைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்த பிறகே வெளியேறு. பிறகு கோப்பைச் சேமி. சாளரத்தில் தெரியும் எழுத்துரு உன் வசதிக்கானது, அச்சுக்குப் போவதில்லை. அதைப் பெரிதாக்கிக்கொண்டு படி.

இந்தப் பழக்கம் ஒரு மென்பொருளோடு நின்றுவிடாது. 1990-இல் வந்த பேஜ்மேக்கர் 4-இலேயே இப்படியொரு சாளரம் இருந்தது. இன்டிசைனில் கன்ட்ரோலோடு ஒய் விசை அதைத் திறக்கும்.

சொல் முழுதும் சரியான பிறகே பக்கத்துக்குத் திரும்பு. அங்கே வரி உடைவது, தனித்து நிற்கும் கடைசி வரி, படத்தின் இடம் ஆகியவற்றை மட்டும் பார். பிறகு தாளில் ஒரு படி எடுத்து இன்னொருவரிடம் படிக்கக் கொடு. உன் வகுப்புத் தோழர்கள் பலருக்கு அச்சில் வரும் முதல் எழுத்து இது. அது பிழையின்றி வருவது அவர்களுக்கு நீ செய்யும் மரியாதை.

அன்புடன்,
அண்ணன்